ரங்கூன் வழியாக எதிர்க்கரைக்கு

உதுமானுக்கு ஆப்பிரிக்காவின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. ரங்கூனில் அலோன் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கடை வைத்துக்கொண்டு, காலையில் திறந்து, மாலையில் பூட்டி, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வந்து, மனிதர் தன் பாட்டுக்கு இருந்தார். ஆப்பிரிக்காதான் அவரைத் தேடிக்கொண்டு ரங்கூனுக்கு வந்தது, அதுவும் கூடையில்.

அவருடைய தங்கை ரஹீமாவைக் கட்டிய ஜாபர், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் மீனைக் காயவைத்து விற்பவர். ஏரி அந்த இடத்தில் வளைந்து ஒரு குடாவாக ஒடுங்கியிருக்கும். இந்தக் கரை கென்யா, எதிர்க்கரை உகாண்டா. இந்தக் கரையில் மீன் கொழிக்கும், வாங்க ஆள் கிடையாது. எதிர்க்கரையில் பருத்திச் சந்தை, ஆள் ஏராளம், மீன் பற்றாது. காலையில் படகு விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஜாபர் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் விற்றுக் குடும்பம் நடத்தி வந்தார்.

அப்போதுதான் ஆப்பிரிக்கப் பிரதேசங்கள் தங்களுக்குள் மீன் வியாபாரம் செய்துகொள்வதை ஊக்குவிக்க வேண்டும் என்று லண்டனில் யாருக்கோ தோன்றியது. அதற்காக ஒரு மன்றம் ஏற்படுத்தினார்கள். ஊக்குவிப்பதென்றால் முதலில் நடப்பதை நிறுத்த வேண்டும் அல்லவா? நிறுத்தினார்கள். இனிமேல் எந்தக் கரை மீனும் மறு கரைக்குப் போவதற்கு முன் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும்.

மன்றத்தை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் தகராறு வந்தது. நைரோபி என்றால் உகாண்டாக்காரர்கள் முகத்தைத் தூக்கினார்கள். என்டெபி என்றால் கென்யாக்காரர்கள் முறைத்தார்கள். சான்சிபார் தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றது. கடைசியில் யாருக்கும் பக்கமில்லாத ஊராக இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்று தீர்மானித்து, தேசப்படத்தை விரித்து, ரங்கூனைப் பொறுக்கி எடுத்தார்கள். மன்றத் தலைவர் சர் ஹம்ஃப்ரி வில்மாட் ஏற்கெனவே ரங்கூனில் பங்களா வாங்கிக் குடியிருந்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மன்றத்தின் முதல் தீர்மானமே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஜாபர் இரண்டு கூடை மாதிரிக் கருவாட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு மைத்துனருக்குக் கடிதம் எழுதினார். "மச்சான், இதை மன்றத்தில் காட்டி எப்படியாவது அனுமதி வாங்கிக் கொடுங்கள். கிட்டங்கி நிறையக் கருவாடு கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் போச்சு, கடையும் போச்சு. ரஹீமா ராத்தூக்கம் இல்லாமல் இருக்கிறாள்" என்று எழுதியிருந்தார்.

சித்திரை வெயிலில் உதுமான் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மர்ச்சன்ட் தெருவில் மன்றத்தின் மாடிப்படி ஏறினார். தலைமைக் குமாஸ்தா பொன்னுத்துரை வாசலிலேயே அவரை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொல்லி, கூடைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார்.

"எதுக்குங்கய்யா துணி?" என்றார் உதுமான்.

"உறுப்பினருங்க முன்னாடி மீன் வெறும் உடம்போட வரக் கூடாது பாய்."

உள்ளே நீண்ட மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காட்டிலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பந்தயக் குதிரை வளர்ப்பவர். ஒருவருக்கு மீன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது; ஆகவே பாரபட்சம் இல்லாதவர் என்று அவரையே பரிசோதனைக் குழுவுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். மணி அடித்ததும் ஒரு சேவகன் வெள்ளியில் செய்த மீன் ஒன்றைத் தட்டில் ஏந்தி வந்தான். எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். சேவகன் வெள்ளி மீனை மேசை நடுவில் வைத்தான். அதன் வாய் யாரைப் பார்க்கிறதோ அவர்தான் பேசலாம். வால் பக்கம் நிற்பவர் என்ன பேசினாலும் அது குறிப்பில் ஏறாது.

உதுமான் தெரியாத்தனமாக வால் பக்கம் நின்றுகொண்டு, தங்கச்சி குடும்பம், கிட்டங்கிக் கருவாடு, மழை, எல்லாவற்றையும் கண் கலங்கச் சொல்லி முடித்தார். உறுப்பினர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய், நீங்க வால் பக்கம் நின்னு பேசிட்டீங்க. அது அத்தனையும் காத்தோட போச்சு" என்று பொன்னுத்துரை அவர் காதில் சொன்னார்.

வெள்ளி மீனை உதுமான் பக்கம் திருப்பி வைத்தார்கள். சர் ஹம்ஃப்ரி கேள்வி கேட்க, பொன்னுத்துரை தமிழில் சொன்னார்.

"இது எந்த நாட்டு மீன்?"

"கென்யா மீனுங்க."

"பிடிபட்டது கென்யாவில். பிறந்தது எங்கே?"

உதுமானுக்கு இந்த மாதிரி சந்தேகம் ஆயுசில் வந்ததில்லை. "ஏரியிலதாங்க பொறந்திருக்கும்" என்றார்.

சர் ஹம்ஃப்ரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஏரிக்கு இரண்டு கரை இருக்கிறது. உகாண்டா பக்கத்தில் பிறந்த மீனைக் கென்யா பக்கத்தில் பிடித்து, மறுபடியும் உகாண்டாவுக்கே விற்றால் அது வர்த்தகம் ஆகாது. திருப்பிக் கொடுத்தல் ஆகும். திருப்பிக் கொடுத்தலை வளர்ப்பது எங்கள் நோக்கம் அல்ல. அதற்கு வேறு மன்றம் அமைக்க வேண்டும்."

இந்தப் பிரச்சினையை ஆராய ஓர் உபகுழு போட்டார்கள். உபகுழு வாரம் தவறாமல் கூடியது. மீனுக்கு நீந்தத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளவே அவர்களுக்கு வைகாசி முடிந்துவிட்டது. நீந்துகிற பிராணிக்குச் சொந்த ஊர் கண்டுபிடிப்பது கஷ்டம், பிடித்த இடத்தையே பிறந்த இடமாகக் கருணையோடு கொள்ளலாம் என்று ஒரு வழியாகத் தீர்மானம் வந்தது. உதுமான் அல்லாவுக்கு நன்றி சொன்னார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் வாய் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. கருவாட்டு வியாபாரத்தில் ஒரு மரியாதை உண்டு. மாதிரி காட்டினால் உடனே நல்லது கெட்டது சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது. வாங்குகிறவர் ஒரு துண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துப் பார்ப்பார், மறுநாள் வந்து பதில் சொல்வார். பர்மாவில் கியாக்தான் ஊர் வியாபாரியாக இருந்தாலும் சரி, காயல்பட்டினத்து வியாபாரியாக இருந்தாலும் சரி, இதுதான் வழக்கம். அதே வழக்கப்படி உதுமான் கூடையைத் தலைவர் பக்கம் நகர்த்தி, "தொர அவுங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொழம்பு வச்சுப் பாத்துட்டு, நாளைக்கே பதில் சொல்லட்டும்" என்றார். வெள்ளி மீனின் வாய் அப்போது நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது குறிப்பில் ஏறிவிட்டது. குறிப்பில் ஏறியது விதியாகிவிட்டது. அனுமதி கேட்கும் எந்த மீனும் எல்லா உறுப்பினர் வீட்டிலும் சமைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

கூடையில் இருந்தது எல்லார் வீட்டுக்கும் போயிற்று. கருவாட்டைப் பார்த்திராத சமையல்காரர்கள் கையில் அது பட்ட பாட்டைச் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் பாலில் வேகவைத்தார்கள். இன்னொரு வீட்டில் வெண்ணெய் தடவிச் சுட்டார்கள். காட்டிலாகாக்காரர் வீட்டில் திரைச்சீலைகளைக் கழற்றி வண்ணானுக்குப் போடும்படி ஆயிற்று. பந்தயக்காரர் மனைவி இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அடுத்த கூட்டத்துக்கு உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே முகத்தோடு வந்தார்கள்.

சர் ஹம்ஃப்ரி எழுந்தார். "இந்த மீனில் ஒரு வாசனை இருப்பது தெரியவந்திருக்கிறது. ஒரு பிரதேசத்தின் வாசனை இன்னொரு பிரதேசத்தின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைவதை எந்த நாகரிக அரசும் பொறுக்காது. இன்று வாசனை போகும், நாளை வேறு எதுவும் போகலாம். மீனை நாங்கள் எதிர்க்கவில்லை. மீன் வியாபாரத்துக்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறோம். மீனில் இருக்கும் மீன் தன்மையை மட்டும்தான் எதிர்க்கிறோம்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"கருவாட்டுல வாசம் இல்லாட்டி அது கருவாடே இல்லீங்களே தொர" என்று உதுமான் கதறினார். வால் பக்கம் நின்று.

மீதி இருந்த ஒரு கூடையிலிருந்து வாசனையைப் போக்கிக் கொண்டுவந்து காட்டினால் அனுமதி கிடைக்கும் என்று உத்தரவாயிற்று. வீட்டுக்கு வந்த உதுமான் செருப்பைக் கழற்றி எறிந்த வேகத்தைப் பார்த்தே அவர் மனைவி நபீஸாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கொழம்பு வச்சுப் பாக்கச் சொல்லி உங்கள யாரு கூப்பிட்டா?" என்றாள்.

"மரியாதைக்குச் சொன்னேன் புள்ள."

"அவுங்ககிட்டப் போயா? தங்கச்சி அங்க கண்ணீர் வடிச்சுக்கிட்டு இருக்கா, நீங்க ஆபீசுல விருந்து வச்சுட்டு வாறீங்க."

உதுமான் மீதிக் கூடையை இறக்கினார். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கருவாட்டைத் தண்ணீரில் அலசினார். எலுமிச்சம்பழம் தேய்த்தார். சாம்பிராணி காட்டினார். சாம்பிராணி வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல நாள் பேசினார்கள். அலசியதை மறுபடி காயப்போடலாம் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனபோது ரங்கூன் மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழைக்கு விட்டுவிட்டுப் பெய்யத் தெரியாது. ஆடி பிறக்கும்போது ஜாபரின் இரண்டாவது கூடைக் கருவாடு கொழகொழவென்று ஆகிவிட்டது.

உதுமான் அதை ஆற்றில் கொட்டப் போனார். கீழ் வீட்டு மா மியா, சந்தையில் ஙாப்பி விற்கிறவள், எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். மீனை உப்புப் போட்டு இடித்துப் புளிக்கவைக்கும் அந்த விழுது இல்லாமல் பர்மாவில் யாருக்கும் சோறு இறங்காது. "கோ உதுமான், நல்ல மீனு. கொட்டாதே. நானு இடிக்குறேன்" என்று பர்மிய மரியாதையைச் சேர்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய், உரலில் போட்டு இடித்து, ஜாடியில் அடைத்துக் கொடுத்தாள்.

நாளானதும் ஜாடியைத் திறந்தார்கள். கருவாட்டு வாசனை அதன் முன்னால் மல்லிகைப்பூ. உதுமானுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஜாடியை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போனார். சுங்க அதிகாரி ஜாடியைத் தொடாமலே, "என்னது?" என்று கேட்டான்.

"ஙாப்பி."

"பர்மாச் சரக்கா? எங்கே போகுது?"

"ஆப்பிரிக்காவுக்கு. ஏரிக்கு அந்தப் பக்கம்."

"சரி, ஏத்து" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினான். வாசனை விதி ஆப்பிரிக்க மீனுக்கு மட்டும்தான். ரங்கூனிலிருந்து போகிற சரக்கு என்ன நாற்றம் நாறினாலும் அது ஏற்றுமதி. உதுமான் துறைமுகத்திலேயே உட்கார்ந்து, ஒரு முறை சிரித்து, ஒரு முறை தலையில் அடித்துக்கொண்டார்.

புரட்டாசியில் ஜாபரிடமிருந்து பதில் வந்தது. ஜாடி பத்திரமாக எதிர்க்கரை போய்ச் சேர்ந்ததாம். யாரும் தடுக்கவில்லையாம். சந்தையில் திறந்ததும் சந்தை கலைந்துவிட்டதாம். வீணாக்க மனமில்லாமல் அங்கிருந்த செம்படவர்கள் அதைத் தூண்டிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏரி மீன்கள் அதற்கு அப்படி ஆசைப்பட்டு வந்தனவாம். இரண்டு கரையிலும் இதுவரை கண்டிராத அளவுக்கு மீன் அகப்பட்டதாம். "மச்சான், இப்ப விற்க முடியாத கருவாடு கிட்டங்கியில் அடங்காமல் வீட்டுக்குள்ளும் கிடக்கிறது. எதிர்க்கரையில் மலிந்த மீனும் காயவைக்க ஆளில்லாமல் அழுகிவிட்டது, பருத்திச் சந்தையில் பழையபடி பசி. மேகம் கூடுகிறது. அனுமதி என்ன ஆச்சு?"

உதுமான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மன்றத்துக்கு ஓடினார். அன்று ஆண்டுவிழா. வாழைமரம் கட்டி, பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பொன்னுத்துரை கையைப் பிடித்து அழைத்துப்போய் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஓடிப் போய்த் தலைவர் காதில் சொன்னார்.

சர் ஹம்ஃப்ரி பேசினார். "நண்பர்களே! ஒரு பிரதேசத்தின் மீன் இன்னொரு பிரதேசத்தை அடைய வேண்டும் என்பது நம் கனவு. இந்த ஆண்டு அது நிறைவேறியது. கென்யாவின் மீன் உகாண்டாவின் சந்தையை அடைந்துவிட்டது. ஒரு ஜாடி. ஆம், ஒரே ஒரு ஜாடி! மன்றம் ஏற்படுவதற்கு முன்பும் படகு படகாகப் போய்க்கொண்டிருந்தது என்று சில விஷமிகள் சொல்கிறார்கள். போயிருக்கலாம். ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கணக்கில் இல்லாத மீன் வெறும் உணவுதான். கணக்கில் வந்த மீன்தான் வர்த்தகம். இன்னொரு நற்செய்தி. ஏரியில் மீன் உற்பத்தியும் இரட்டித்திருக்கிறது. அதுவும் நம்மால்தான் என்று அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். இனி எந்தக் கரை மீனும் ரங்கூன் வந்து, இடிபட்டு, ஜாடியில்தான் மறு கரைக்குப் போக வேண்டும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நன்றி சொல்லும்படி உதுமானை எழுப்பிவிட்டு, வெள்ளி மீனின் வாயை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

"தொர, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார் உதுமான். "எந்தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னு பாத்தா அந்தக் கரையில அடுப்புப் பொகையிறது தெரியுமாம். அங்க பசிக்கிறவன் இருக்கான். இந்தக் கரையில மீனு கெடக்கு. நடுவுல தண்ணிதான் இருக்கு, படகும் இருக்கு. நேரா கொண்டுபோனா என்னங்க தொர?"

சர் ஹம்ஃப்ரி அவரைப் பரிவோடு பார்த்தார். "நேராகக் கொண்டுபோனால், வழியில் நாங்கள் எங்கே வருவோம்?"

எல்லா உறுப்பினர்களும் இங்கிலீஷ் சபை வழக்கப்படி ஒரே குரலில், "கேளுங்கள், கேளுங்கள்" என்று ஆமோதித்தார்கள். பாண்டு வாத்தியம் மறுபடி தொடங்கியது. உதுமான் மாடிப்படி இறங்கும்போது சத்தமாகவே வைதுகொண்டு போனார். தெருவில் போனவர்கள் கடன்காரன் யாரையோ வைகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஐப்பசி மழை ஏரிக்கரையில் பெய்தது. கார்த்திகையில் ஒரு கப்பலிலிருந்து ரஹீமாவும் ஜாபரும் ஒரு தகரப்பெட்டியோடு ரங்கூனில் இறங்கினார்கள். "காக்கா, எல்லாம் அழுகிப் போச்சு காக்கா" என்று ரஹீமா அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். ஜாபர் ஆற்றைப் பார்த்தபடி நின்றார். இளைத்துப் பாதி ஆளாகியிருந்தார்.

"போகட்டும் மச்சான்" என்றார் உதுமான். "கடைய என்ன பண்ணுனீங்க?"

"ஒரு வெள்ளக்காரரு வந்து ஆபீசு வைக்கணும்னு கேட்டாரு. சாவியக் குடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டோம்."

"அந்த ஒண்ணாவது உருப்படியா நடந்துச்சே" என்று உதுமான் பெருமூச்சு விட்டார். மைத்துனருக்கு இங்கேயே ஒரு வியாபாரம் வைத்துக் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்தார். ஆற்றுக்கு எதிர்க்கரையில் தன்லியின், வெள்ளைக்காரர்கள் சிரியம் என்பார்கள். அங்கே மீன் சல்லிசு. அங்கிருந்து சம்பான் படகில் கொண்டுவந்து ரங்கூன் கரையில் விற்றால் இரண்டு குடும்பமும் பிழைத்துப்போகும். நபீஸா தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். தன்லியின் மீன்காரன் ஒருவனுக்கு ஆள் மூலம் முன்பணம் போயிற்று.

மீன் வரவேண்டிய அன்று காலையில் இருவரும் படகுத்துறைக்குப் போனார்கள். துறையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. அதன் அடியில் பொன்னுத்துரை புதுத் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க பாய், வாங்க! சந்தோஷமான சேதி. ஆப்பிரிக்காவுல கெடைச்ச வெற்றியப் பாத்துட்டு, பர்மாவுலயும் கரைக்குக் கரை மீன் வியாபாரத்த ஊக்குவிக்கிறதுக்கு மன்றம் வச்சிருக்காங்க. இன்னையிலருந்து தன்லியின் மீனு ரங்கூன்ல எறங்கணும்னா அனுமதி வேணும்."

உதுமான் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்டங்க அனுமதி? மர்ச்சன்ட் தெருவுலயா?"

"அது எப்படி? ரங்கூன்ல வச்சா தன்லியின்காரன் சண்டைக்கு வருவான். வெளியூர்ல வச்சிருக்காங்க" என்று பொன்னுத்துரை பலகையின் அடியில் இருந்த விலாசத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கென்யா, ஏரிக்கரை, படகுத்துறைக்கு அடுத்த கல்கட்டிடம்.

ஜாபர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், அது என் கட" என்றார்.

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் பொன்னுத்துரை உண்மையான மகிழ்ச்சியோடு. "உங்களுக்குத் தெரிஞ்ச எடம். மாதிரிக் கூடையோட நீங்களே நேர்ல போயிரலாம்."

ஆற்றின் நடுவே தன்லியின்காரனின் சம்பான் வந்துகொண்டிருந்தது. கூடைகள் விளிம்பு வரை அடுக்கியிருந்தன. நபீஸாவின் வளையல் முழுவதும் அதில் இருந்தது. உதுமான் துறையின் கடைசிப் படிக்கு ஓடிப் போய், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டி, "வராதே! திரும்பிப் போ! திரும்பிப் போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

சம்பான்காரனுக்குக் காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. இவ்வளவு ஆசையாக வரவேற்கிற வியாபாரியை அவன் இதுவரை பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இன்னும் வேகமாகத் துடுப்பை வலித்தான்.